அக்கா வந்த நான்கு நாட்கள்

மார்ச் 2

தம்பிக்கு,

ஜனவரியில் உங்கள் ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன். மூன்று முறை எடுத்தாய். மூன்று முறையும் "டூட்டில இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். வருஷம் முழுக்க டூட்டி பார்க்கிற மனிதனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

அறிக்கையைப் போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். தொழிற்சாலைக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கிற உங்கள் ஆலையால் சுற்றுப்புற மக்களுக்குக் கேடு உண்டா இல்லையா என்று அரசு எங்கள் ஆராய்ச்சிப் பிரிவைக் கேட்டது. நூற்றுப் பத்து பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், காற்றில் குறையில்லை. பள்ளிக்கூட மொட்டைமாடியில் நான்கு நாள் வைத்த கருவியில் ஈயம் அநேகமாக இல்லை. ஏப்ரல் 12-ஆம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். என் அறிக்கையைக் காட்டி மூன்றாவது உலைக்கு அனுமதி கொடுத்துவிடுவார்கள். 30-ஆம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். முப்பத்தோரு வருஷத்தில் கடைசிக் கையெழுத்து இது.

ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு. அறுபத்திரண்டு பேருக்கு இரத்தம் எடுத்தோம். இருபத்தேழு பேருக்கு ஈயம் அதிகம். பட்டியலில் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யாருடையது என்று வெளியே சொல்லக் கூடாது. சொல்கிறேன். பதினான்காம் எண் உன் மகள், நம் வாண்டு. அவளுக்கு ரொம்பவே அதிகம். காற்று சுத்தமாக இருப்பதால் காரணம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய குழாய், பழைய பெயின்ட் என்று எழுதியிருக்கிறேன். குழாயை உடனே மாற்று. சுவரைச் சுரண்டிவிட்டு வேறு பெயின்ட் அடி. சுரண்டும்போது அவளை வீட்டில் வைத்துக்கொள்ளாதே.

என் மேல் என்ன கோபம் என்று எழுது. எனக்குத் தெரியும் என்றாலும் எழுது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

தெரியும் என்று நீயே சொல்கிறாய், அப்புறம் என்னை எதற்கு எழுதச் சொல்கிறாய்? சரி, எழுதுகிறேன்.

ஆலை கேட்டில் மேனேஜர் பக்கத்தில் நீ நிற்கிறாய். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே வருகிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு. மேனேஜர், "இவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர்" என்கிறார். நீ "அப்படியா, வணக்கம்" என்கிறாய். வணக்கம்! என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், எவனோ ஒருவனுக்குச் சொல்வது போல ஒரு வணக்கம். நாலு நாளும் விருந்தினர் விடுதியில் தங்கினாய். என் வீடு அங்கிருந்து ஏழு நிமிஷ நடை. உனக்காக உன் தம்பி பெண்டாட்டி புது மெத்தை வாங்கிப் போட்டாள். அதில் இப்போது பூனை படுக்கிறது.

குழாயை மாற்றிவிட்டேன். மூன்று நாள் லீவு போட்டுச் சுவரைச் சுரண்டினேன். வீடு முழுக்க மாவு மில் மாதிரி ஆனது. பெயின்ட் கடைக்காரன் கேட்டான், "என்னண்ணே, வீட்ல விசேஷமா?" ஆமாம்டா, விசேஷம்தான் என்றேன். எங்கள் தெருவில் எட்டு வீட்டில் இதே கூத்து. அரசாங்கமே சொல்லிவிட்டது குற்றம் எங்கள் வீட்டுச் சுவர் மேல் என்று. வாண்டுவைப் பக்கத்துத் தெருவில் அவள் சித்தி வீட்டில் விட்டிருந்தோம்.

அவளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. ஏழாம் வாய்ப்பாடு போன வருஷம் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தாள், இப்போது நாலு வரியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். "மறந்து போச்சுப்பா" என்று சிரிக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மாடியில் வைத்த அந்தக் கருவி சரியாகத்தான் வேலை செய்ததா? நாலு நாள் போதுமா? சும்மா கேட்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வேண்டாம், விடு.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

கருவியை நானே தரம் பார்த்தேன், போவதற்கு முன்பும் வந்த பிறகும். அது பொய் சொல்லாது. நாலு நாள் போதுமா என்றால், போதாது. மூன்று பருவத்திலும் பத்துப் பத்து நாள் கேட்டேன். நாலு நாளுக்குத்தான் ஒப்புதல் வந்தது. மண் பரிசோதனை கேட்டேன், மண் இந்த ஆண்டுத் திட்டத்தில் இல்லை என்றார்கள். மண் எந்த ஆண்டுத் திட்டத்தில் வரும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. முப்பத்தோரு வருஷமாக இப்படித்தான். கேட்பதில் கால்வாசி கிடைக்கும், அதை வைத்து முழு பதில் எழுத வேண்டும்.

ஆனாலும் உன் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. இது போன்ற ஆலைகள் பக்கத்தில் ஆறு ஊரில் அளந்திருக்கிறேன். ஒரு நாள் முடிந்து, கருவிக்குள் தூசியைப் பிடிக்கிற வடிதாளை எடுத்தால் கரியாக இருக்கும். உங்கள் ஊரில் மட்டும் இளஞ்சாம்பலாக வந்தது. புது உலை, நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் தம்பி பார்க்கிற உலையாயிற்றே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கேட்டில் நடந்ததற்குக் காரணம் சொல்கிறேன். ஆய்வுக்குக் கிளம்பும் முன் ஒரு படிவம் தருவார்கள். "ஆய்வு நடக்கும் ஆலையில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?" இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆம் என்று போட்டிருந்தால் வேறு ஒருவரை அனுப்பியிருப்பார்கள். அந்த ஆள் ஆலை மேனேஜரோடு சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் திரும்பியிருப்பார். வாண்டு இருக்கிற தெருவை அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு உன் வீட்டில் எப்படி வந்து படுப்பேன்? இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். உன் வாயில் எதுவும் நிற்காது என்று பயந்தேன்.

நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டாலும் இப்படித்தான், "வேண்டாம், விடு" என்பாய். விட மாட்டேன். எழுது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்த நாலு நாளும் உலையில் நாங்கள் கழிவு போடவில்லை. வெறும் மரம்தான் போட்டோம்.

யாரும் சொல்லிச் செய்ததில்லை. மேனேஜருக்கே தெரியாது. வேலையாக வருகிறேன், நாலு நாள் இருப்பேன் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அப்போதே இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினாய். சின்ன வயதில் உனக்கு இளைப்பு வந்தால் நான்தான் முதுகைத் தடவிவிடுவேன். அந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் உலைப் புகை உன் நெஞ்சில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கழிவு ஏற்றுகிற பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன், "எங்க அக்கா வர்றாங்கடா. பெரிய படிப்பு படிச்சவங்க, ஆனா நெஞ்சு வீக்கு. நாலு நாளைக்குக் கசடு, பேட்டரி ஓடு எதுவும் வேணாம்." அவர்களில் நெட்டையன்தான் பேக்கிங் பெட்டி மரம் இரண்டு லாரி எங்கிருந்தோ பிடித்து வந்தான். கழிவை எல்லாம் பின்னால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மின்சாரம் ஏன் குறைகிறது என்று மேனேஜர் கேட்டபோது, மழையில் கழிவு நனைந்துவிட்டது என்றேன். லாக் புக்கிலும் அப்படியே எழுதினேன்.

சத்தியமாக எனக்கு அந்தக் கருவி காற்றை அளக்கிறது என்று தெரியாது. நீ குழந்தைகளுக்கு இரத்தம் எடுக்க வந்திருக்கிறாய் என்றுதான் ஊரே பேசியது. மாடியில் இருந்தது மழை அளக்கிற பெட்டி என்று நினைத்தேன். என் வீட்டுக்கு ஒரு வேளை வந்திருந்தால் கேட்டிருப்பேன், நீயும் சொல்லியிருப்பாய்.

கேட்டில் நீ வணக்கம் சொன்ன அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போதே தார்ப்பாயைப் பிடுங்கி எல்லாவற்றையும் உலையில் கொட்டியிருக்க வேண்டும். கொட்டத்தான் போனேன். நீ ஜீப் பின்னால் ஒதுங்கி நின்று இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். மனசு வரவில்லை. மரத்தையே போடுங்கடா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் உன் ஜீப் திருப்பம் தாண்டியதும் மூடி வைத்ததை எல்லாம் எடுத்தோம். நாலு நாள் கழிவை ஒன்றரை நாளில் எரித்தோம். அன்று வாண்டு பள்ளியில் விளையாட்டுப் போட்டி. மைதானத்தில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

உன் அறிக்கை வந்ததும் மேனேஜர் என் தோளில் தட்டி, "உலையை எப்படிப் பராமரிச்சிருக்கான் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானே கெடுத்த கணக்கை நம்பி, நானே என் வீட்டுச் சுவரைச் சுரண்டியிருக்கிறேன் அக்கா.

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

தம்பி

மார்ச் 30

முட்டாளே,

உன்னைத் திட்ட நாலு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

இரக்கம் காட்டுவதற்கு உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? அந்தப் புகையை நான் உறிஞ்சியிருந்தால் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பேன், மூன்றாம் நாள் எழுந்திருப்பேன். அறிக்கை சரியாக வந்திருக்கும். பேனாவை அழுத்தியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. உன் மேல் கோபமா, அந்த முதுகு தடவலை நினைத்தா என்று எனக்கே விளங்கவில்லை.

நேற்று இயக்குநரைப் பார்த்தேன். ஆலை அந்த நாட்களில் வழக்கம் போல ஓடவில்லை என்று சந்தேகம் இருக்கிறது, அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாசத்துல ரிடையர் ஆகப்போறீங்க மேடம். நிம்மதியா போங்களேன். அடுத்த வருஷம் யாராவது ஒரு துணை ஆய்வு பண்ணட்டும்." அடுத்த வருஷத்துக்குள் மூன்றாவது உலை எரியத் தொடங்கிவிடும். கட்டி முடித்த உலையை யாரும் அணைத்து நான் பார்த்ததில்லை.

சந்தேகம் என்றால் மதிக்க மாட்டார்கள். எனக்குக் காகிதம் வேண்டும். ஜனவரி 9 முதல் 14 வரை உங்கள் லாக் புக்கின் பக்கங்கள், உன் கையெழுத்தோடு. பின்னால் குவித்ததையும் ஐந்தாம் நாள் எரித்ததையும் உன் கைப்பட ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

இதன் அர்த்தம் உனக்குப் புரிகிறதா? உன் வேலை போய்விடும். நீ என் தம்பி என்பதும் வெளியே வரும், அந்தப் படிவமும் வரும். என்னைச் சும்மா விட மாட்டார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். முப்பத்தோரு வருஷம் நான் எழுதிய ஒரு தாளைக்கூட யாரும் சந்தேகித்ததில்லை.

அனுப்பு என்று கட்டளையிட எனக்கு வாயில்லை. அனுப்பாவிட்டால் நீ என் தம்பி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உன் பெண்டாட்டியிடம் பேசிவிட்டு முடிவு செய்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

அவளிடம் பேசினேன். பேசினேன் என்றால், உன் கடிதங்களையும் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் படித்தாள். மரம் போட்ட கதையே அவளுக்கு அப்போதுதான் தெரியும். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சுவத்தைச் சுரண்டினப்போ என்னையும் கூடச் சுரண்ட விட்டீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"அப்ப எனக்கே நிச்சயமாத் தெரியலை."

"தெரியலையா, தெரிஞ்சுக்க பயமா?"

நான் உன் கடிதங்களை மடித்து அடுக்கினேன்.

"அண்ணி கேக்குறதை அனுப்புங்க. வாண்டு வாய்ப்பாட்டை மறந்துட்டு சிரிக்கிறதை இன்னொரு வருஷம் பார்க்க என்னால முடியாது. வேலை போனா போகட்டும், ஏதாவது பண்ணுவோம்." போய் அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேர் பாசத்துல இந்தத் தெருவே நாசமாப் போச்சு" என்றாள்.

லாக் புக்கை வீட்டுக்கு எடுத்து வர முடியாது. நெட்டையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டான், நான் ஆறு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அச்சுப் போட்டேன். நீ கேட்ட வாக்குமூலமும் இதோடு இருக்கிறது. மரம் கொண்டு வந்தவன் பெயரை எழுதவில்லை. என் பொறுப்பில் நடந்தது, என்னோடு போகட்டும்.

கூட்டத்துக்கு வரும்போது இன்ஹேலர் இரண்டு எடுத்து வா. இப்போது வழக்கம் போலத்தான் எரிகிறது.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

கூட்டத்தில் கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தேன். இந்த முறை வணக்கம் சொல்லவில்லை, கவனித்தாயா? "அதோ உட்கார்ந்திருப்பவர் என் உடன்பிறந்த தம்பி, இதை நான் மறைத்தேன்" என்று மைக்கில் சொன்னேன். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இருமல் வந்துவிட்டது.

நடந்ததை நீ பாதி கேட்டாய், மீதியை எழுதுகிறேன். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. மூன்றாவது உலைக்கு அனுமதி தள்ளிவைப்பு. ரத்து இல்லை, தள்ளிவைப்புதான். புது ஆய்வு நடக்கும், வேறு அதிகாரி, பத்து நாள் அளவெடுப்பு. அதுவரை இப்போதைய இரண்டு உலையும் ஓடலாமாம்.

எனக்கு நேற்று உத்தரவு வந்தது. பணியிடை நீக்கம், விசாரணை முடியும் வரை ஓய்வும் கிடையாது. இயக்குநர் நேரில் கொடுக்கக் கூச்சப்பட்டு உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார். மேஜையைக் காலி செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. நம் உறவு தெரிந்ததால் உன் வீட்டை ஆய்விலிருந்தே நீக்கிவிட்டார்கள். பதினான்காம் எண்ணை அடித்துவிட்டார்கள். புதுப் பட்டியலில் வாண்டு இல்லை, அரசு தரும் சிகிச்சையிலும் அவள் இல்லை. அறுபத்தோரு குழந்தைகள்தான் இனி கணக்கு. அவளுக்காகத்தான் அந்தப் படிவத்தில் பொய் எழுதினேன், அதே பொய்யால் அவள் வெளியே நிற்கிறாள். இங்கே எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவளை அனுப்பு. எனக்கு இனி அலுவலகம் இல்லை, நாள் முழுக்க அவளோடு இருப்பேன்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

வேலை போனதும் மருத்துவச் சீட்டுக்கும் பஸ்ஸுக்கும் அலைந்ததில் எழுத முடியவில்லை. லாரி ஷெட்டில் டயர் மாற்றுகிறேன். கை வலிக்கிறது, மனசு பரவாயில்லை. போன மாதம் நீ காட்டிய மருத்துவரின் மருந்தில் வாண்டுவுக்கு வயிற்றுவலி கொஞ்சம் குறைந்திருந்தது. இங்கே திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மருந்து ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்.

புது அதிகாரி 12-ஆம் தேதி வருகிறார். குழந்தைகளுக்கு இரத்தம் போன மாதமே எடுத்தாயிற்று, இப்போது காற்று. கருவியை இந்த முறையும் பள்ளி மாடியில்தான் வைக்கிறார்கள். ஊர்க் குழந்தைக்குக்கூட இப்போது தெரியும் அது எதை அளக்கிறது என்று.

மேனேஜருக்கும் தெரியும். பத்து நாளும் மரம் மட்டும் போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். ஆறு லாரி மரம் வந்து இறங்கிவிட்டது. ஆலையில் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். 'அக்கா டூட்டி.' "திங்கக்கிழமையிலேர்ந்து அக்கா டூட்டிடா" என்று ஆபீஸ் ஆட்கள் சொல்லிச் சிரிக்கிறார்களாம். நான் உனக்காகச் செய்ததை அவர்கள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். இதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

அதிகாரியிடம் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னேன். "நீங்க டிஸ்மிஸ் ஆனவரு. போன ஆய்வைக் கெடுத்ததே நீங்கதான். உங்க பேச்சை நான் எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நியாயமாகவும் இருந்தது.

நேற்று நெட்டையனும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நாலு பேர் பிள்ளைகளும் ஈயம் அதிகம் என்று நீ எழுதிய இருபத்தேழில் இருப்பவர்கள். நெட்டையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "மரத்துக்கு அடியில கசடைப் போட்டு எரிக்கப் போறோம்ணே. மேலேர்ந்து பார்த்தா மரம்தான் தெரியும். மேனேஜர் வந்து குனிஞ்சா பார்க்கப் போறாரு?" என்றான்.

பிடிபட்டால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். "நீங்க டயர் மாத்துற ஷெட்ல இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்குமான்னு கேட்டு வைங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்தது நேற்றுதான்.

ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "கூடவும் வேணாம், குறையவும் வேணாம். தினமும் என்ன போடுவீங்களோ அதே அளவு போடுங்க. அதிலும் பொய் வந்துடக் கூடாது." நீ என்ன சொல்வாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். சரியா?

அந்தப் பத்து நாளும் புகை எப்போதும் போல இறங்கும். தெரிந்தே பிள்ளைகளை அதில் நிறுத்த யாருக்கும் மனசில்லை. தெருவில் பதினோரு வீட்டில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புகிறார்கள், அத்தை வீடு, மாமா வீடு என்று. பள்ளியில் டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ கல்யாணம் போல என்று நினைத்துக்கொண்டார். வாண்டுவும் அவள் அம்மாவும் நாளை மாலை பஸ்ஸில் உன்னிடம் வருகிறார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவது அவர்கள்தான். மாத்திரையைக் கசக்கிறது என்று கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார். வாய்ப்பாடு கேட்டு அவளைத் தொந்தரவு செய்யாதே, வரும்போது வரட்டும்.

நான் இங்கேயே இருக்கிறேன். நெட்டையனையும் ஆலைப் பசங்களையும் தனியாக விட்டுவிட்டு வர முடியாது.

நீ பார்க்க வருகிறேன் என்று கிளம்பிவிடாதே, அக்கா. இந்த முறை உனக்காக எதையும் நிறுத்த மாட்டோம்.

தம்பி